எல்லா ஃபில்டரையும் எடுத்துடு

“அந்தத் திருட்டுக் கழுதையை இன்னைக்கு நடுவர்கள் முன்னாலயே கிழிச்சுத் தொங்க விடப்போறேன். ஆனா உங்க வெப்சைட் ஒரு படத்தைக்கூடக் காட்ட மாட்டேங்குது!”

படங்கள் ஏற்றும் அந்த வெப்சைட்டின் உதவி மையத்தில், புகைப்படக்காரரின் கத்தல் ஹெட்போனைத் தாண்டி அடுத்த மேஜை வரை கேட்டது. உண்மையில் அது அடுத்த மேஜைக்காரிக்கு வந்த அழைப்பு. திரையில் வாடிக்கையாளர் பெயரைப் பார்த்ததும், “இதை நான் பாத்துக்கறேன், தள்ளு” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் இவள். வம்பை விலைக்கு வாங்குகிறாளே என்று தோழி உதட்டைப் பிதுக்கினாள்.

“பதட்டப்படாதீங்க சார். என்ன படம் தேடறீங்க?”

“முதல் பரிசு வாங்கின என் படம். வெல்டிங் பண்ற ஒரு பொம்பளை, முகமூடியைத் தூக்கிட்டுச் சிரிப்பா. அது தன்னோடதுன்னு எவளோ புனைப்பேர்ல புகார் குடுத்திருக்கா. ஆதாரத்தை இன்னைக்குத் தரேன்னு எழுதினவ ஆளையே காணோம். அவ அக்கவுண்டைப் பிடிச்சு, என் படத்தைச் சுட்டது அவதான்னு காட்டிட்டு, எங்க வேலை பாக்கறாளோ அங்கயும் உலை வெச்சுட்டுத்தான் மறுவேலை.”

“கண்ணு மூடியிருக்கற படம்தானே சார்?”

“அதேதான். நடுவர்கள் மூணு பேரும் பெரிய திரையையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சீக்கிரம் பாரும்மா!”

அனுமதி கேட்டு, அவருடைய திரையைத் தன் கணினியில் திறந்தாள். ஒரு படத்தைப் போட்டால் அதே மாதிரிப் படங்களைத் தேடும் பெட்டியில் பரிசுப் படம் இருந்தது. கீழே ‘படங்கள் எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரி.

“சார், ‘என் படங்கள் மட்டும்’னு டிக் பண்ணியிருக்கீங்க. அதுக்குக் கீழயே ‘மற்றவர்கள் படங்கள் மட்டும்’னும் டிக் பண்ணியிருக்கீங்க. ஒண்ணு உள்ள விடறதை இன்னொண்ணு வெளிய தள்ளுது. ரெண்டுக்கும் பொருந்தற படம் உலகத்துலயே கிடையாது.”

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“சரி சரி, என் படங்கள்ங்கறதை எடு.”

எடுத்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

“‘இந்த வருஷம் ஏத்தினது மட்டும்’னு இன்னொண்ணு இருக்கு சார். அதை எடுத்தா பழசெல்லாம் வரும். பரவாயில்லையா?”

“வரட்டுமே! எல்லா ஃபில்டரையும் எடுத்துடு. அவ வண்டவாளம் மொத்தமா வெளிய வரட்டும்.”

“எல்லாத்தையுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“எடும்மான்னா!”

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு டிக்காக, ரசித்து எடுத்தாள்.

பழையது முதலில் என்ற வரிசையில் திரை நிறைந்தது. புகைப்படக்காரர் ஏற்றிய ஒற்றைப் படம் கடைசியில் கிடந்தது. அதற்கு மேலே, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில், அந்தப் புனைப்பெயர்க் கணக்கில் பன்னிரண்டு படங்கள். வெல்டிங்காரப் பெண் முகமூடியில் கை வைக்கிறாள், தூக்குகிறாள், வியர்வையைத் துடைக்கிறாள், கண்ணை மூடிச் சிரிக்கிறாள், ‘போதும் போ’ என்று கேமராவைத் தள்ளக் கை நீட்டுகிறாள். பரிசு வாங்கியது எட்டாவது படம்.



“உங்க படம்னா, அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்ததெல்லாம் எங்க?” என்றார் தலைமை நடுவர்.

“அது... ஹார்டு டிஸ்க் போயிடுச்சு மேடம்.”

“இந்தம்மா யாரு? எந்தப் பட்டறை?”

“யாரோ வழியில பாத்த பொம்பளை. அவ யாருன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார்” என்றாள் உதவி மையத்துப் பெண். “அது எங்கம்மா.”