ஓடிபி சொன்னவள்

"இந்த போனுக்கு ஓடிபி வராது அண்ணே. ஆதாரோட சேத்திருக்கது வேற நம்பராக்கும்," என்றான் பினு.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஆன்லைன் சென்டரில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் அதை நடத்தும் பினு. எதிரே, கொல்லயிலிலிருந்து வந்த லீலாபாய். அவளுக்குப் பக்கத்தில், வாசலையே பார்த்துக்கொண்டு அவள் கணவன் சத்தியதாஸ்.

வீடு கட்ட அரசு தரும் மானியத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அப்படியொரு திட்டம் இருப்பதைத் தேடிப் பிடித்துச் சொன்னதே பினுதான். நிலம் லீலாபாய்க்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்தது. விண்ணப்பமும் அவள் பெயரில். போன மழையில் அடுக்களைச் சுவர் விழுந்தது. இந்த மழைக்கு மீதியும் நிற்காது. ஆனால் குடும்பத்தில் இருக்கும் இரண்டு பேரின் ஆதாரையும் ஓடிபி கொடுத்துச் சரிபார்த்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

அந்த சிம் களியக்காவிளை சந்தையில் வாழைக்குலை இறக்கும்போது எங்கோ விழுந்துவிட்டது என்றான் சத்தியதாஸ். வாரத்தில் பாதி ராத்திரி அவனுக்கு அங்கேதான் லோடு வேலை.

"செத்த நம்பராக்கும் அது. கம்பெனிக்காரன் வேற யாருக்காவது குடுத்திருப்பான். அடுத்த வருசம் போடலாம்."

"அப்பம் மழைட்டயும் சொல்லுங்க, அடுத்த வருசம் வந்தா போதும்னு," என்றாள் லீலாபாய்.

அவன் மேசையில் வைத்திருந்த தொழிலாளர் அட்டையில் அந்தப் பழைய எண் இருந்தது. பினு ஓடிபியை அனுப்ப வைத்துவிட்டு அதற்கு அழைத்தான். மணி அடித்தது. புழுக்கமாக இருக்கிறது என்று சத்தியதாஸ் எழுந்து வெளியே போனான்.

எடுத்தது ஒரு பெண். பினு விஷயத்தைச் சொல்லி, போனுக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இப்படிக் கேட்டால் திருடன் என்று திட்டிவிட்டு வைப்பவர்கள்தான் அதிகம். அவள் மறுபேச்சில்லாமல் நிதானமாகச் சொன்னாள். தப்பாகிவிடக்கூடாது என்று மறுபடியும் சொன்னாள். அடுத்த பக்கம் திறந்தது.

"இஞ்ச தா மக்கா, நானும் ஒரு வார்த்த சொல்லட்டும்," என்று லீலாபாய் போனை வாங்கினாள். பெரிய உபகாரம், கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் என்றாள். அதன்பிறகு அந்தப் பக்கம்தான் பேச்சு. இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "செரி மக்கா, சொல்லுதேன்," என்று வைத்தாள்.

யார் என்று பினு கேட்டான்.

"நல்ல பிள்ளையாக்கும். நீ விண்ணப்பத்த அனுப்பு."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. லீலாபாய் பினுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சத்தியதாஸுக்கு முகம் தெளிந்திருந்தது. யாரென்றே தெரியாதவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்றான். அவள் மட்டும் எண்ணைச் சொல்லியிருக்காவிட்டால் வீடு போயிருக்கும் என்றாள் லீலாபாய். அதை மனதாரத்தான் சொன்னாள்.

பொழுது சாய்ந்ததும் அவன் வழக்கம்போல சந்தைக்குக் கிளம்பினான். அவள் எடுத்துக்கொடுத்த பை கனத்தது. திறந்து பார்த்தான். அவனுடைய சட்டைகள் எல்லாம் மடித்து உள்ளே இருந்தன.

அவன் படியிறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"போற வழியில இருமல் மருந்து வாங்கணுமாம். உங்க மவளுக்குச் சளியாக்கும். அப்பா வராம தூங்கமாட்டாளாம்," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளே பூட்டினாள்.