கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை

எனக்குத் தலைவலி வந்தால் வீடே இரண்டுபடும். என் மனைவிக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். காலையில் பத்து விரலும் மடங்காது.

ஐந்து மணிக்கு, பிளாஸ்டிக் பேசினில் நகப்பூச்சால் போட்ட கோடுவரை வெந்நீர் ஊற்றித் தருவேன். அவள் கைகளை உள்ளே விட்டதும் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறும். நாற்பது நிமிடத்தில் ஒவ்வொரு விரலாக வழிக்கு வரும். "எந்திரிச்சாச்சா மகாராணி?" என்று கடைசியாகச் சுண்டுவிரலை விசாரிப்பாள்.

பிறகு கைகளைத் துடைத்து, பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புவாள். கைக்குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று பெரிய டாக்டரே சொல்வார்.

கைகளை எடுத்த பிறகும் பேசினில் தண்ணீர் இறங்காது. நாள் முழுக்க அந்த இரண்டு விரற்கடை உயரத்திலேயே நிற்கும். சாயந்திரம் அவள் வந்து மறுபடி கைகளை விடுவாள். அப்போது தண்ணீர் ஏறாது. வெளியே எடுத்ததும் கோட்டுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அவளால் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது. நான்தான் ஊட்டிவிடுவேன்.

நேற்றுக் காலை அவள் செருப்பு மாட்டும்போது நான் பேசினைத் தூக்கினேன்.

"சாக்கடையில ஊத்திடறேன். ஒரேயடியா சனியன் தொலையட்டும்."

"ஐயோ, கீழ வைங்க! அந்த வலிக்குப் போக ஒரு இடம் வேணாமா? தெருவுல எத்தனை பிள்ளைங்க இருக்கு. எனக்குன்னா பழகிப்போச்சு."

கீழே வைத்தேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகும், தண்ணீரின் மேல் பத்துச் சிறு சுழிப்புகள் அசைந்துகொண்டிருந்தன.