குளிர் வைத்தியம்

“வண்டியைப் பூட்டினியா? எதுக்கும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாயேன்.”

“பூட்டிட்டேம்மா. சாவி இதோ இருக்கு.”

கிளினிக் பெஞ்சில் அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். முதலில் தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். பிறகு மருந்துக்கடைக்குப் போகச் சொன்னாள். இப்போது வண்டி. தன்னை டாக்டர் அறைக்குள் வரவிடாமல் இருக்க இவள் ஏன் இத்தனை பாடுபடுகிறாள் என்று மகளுக்குப் புரியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு மாதமாக நடுநடுவே ரத்தம் படுகிறது. ஊறவைத்த துணியைப் பார்த்துத்தான் மகளுக்கே தெரியவந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. கெட்ட வியாதியாக இருந்து, தன்னிடம் மறைக்கிறாளோ?

முறை வந்தது. மகள் ஒட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

“ரத்தம் எப்பெப்போ படுது?” என்றார் டாக்டரம்மா.

அம்மா ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். “அப்பப்ப... சும்மா.”

“சும்மா எப்படிம்மா படும்? ஒளிக்காம சொல்லேன்!” மகளின் குரல் உடைந்தது. “கேன்சரா டாக்டர்?”

“சேச்சே! டெஸ்ட் எல்லாம் சுத்தமா வந்திருக்கு.” டாக்டரம்மா மேசையிலிருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையைத் திருப்பி அதன் வாயைக் காட்டினார். “உள்ளே இருக்கவேண்டிய மெல்லிசான சவ்வு இப்படி வெளிப்பக்கம் வந்திருக்கு. லேசா பட்டாலே கசியும். ஆபத்தில்ல. ஆனா தொந்தரவா இருக்கிறதால உறைய வெச்சுச் சரிபண்ணிடலாம்.”

மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பயம் இறங்கிய இடத்தில் ஆர்வம் ஏறி உட்கார்ந்தது.

“உறைய வைக்கிறதுன்னா... ஐஸ் வெச்சா?”

“அதோ, அந்த சிலிண்டர்ல இருக்கிற வாயு. கம்பி நுனியை அங்க வெச்சா கொஞ்ச நேரத்துல வெள்ளையா உறைஞ்சிடும். உருகவிட்டு இன்னொரு தடவை வைப்போம். அந்தச் சவ்வு உதிர்ந்து புதுசு வளரும். பீரியட்ஸ் வலி மாதிரி அடிவயிறு லேசா இழுக்கும், அவ்வளவுதான்.”

“கேட்டியாம்மா? மழை பேஞ்சாலே ரெண்டு போர்வை கேப்ப. உனக்குப் போய் இப்படி ஒரு வைத்தியம்!”

அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். துணிக்கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். கேன்சர் இல்லை என்று கேட்ட பிறகும் இந்த முகம் ஏன்? அம்மாவைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் மகள் இதுவரை நினைத்திருந்தாள்.

“அப்புறம் சில நாள் தண்ணியா வெள்ளை படும், பயந்துடாதீங்க,” என்றபடி டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். “கனமா எதையும் தூக்க வேணாம். நாலு வாரத்துக்கு தாம்பத்தியம் கூடாது.”

மகள் சிரித்துவிட்டாள். “எங்கம்மாவுக்கு அந்தக் கவலையே இல்ல டாக்டர். அப்பா தவறி எட்டு வருஷமாச்சு.”

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டாள்.

“மூணு வாரம் போதாதா, டாக்டர்?”