டேங்கின் மேல்பாதி

செல்லக்கிளியின் பழைய ஜீப்பில் டீசல் டேங்க் பாதி உயரத்தில் ஓட்டையாகி ஆறு வருடம். அதற்கு மேல் ஊற்றினால் ரோட்டுக்குத்தான். மாற்றலாம் என்றால் அந்தக் காலத்து வண்டிக்கு டேங்க் கிடைக்கவில்லை. பாதி டீசலில் மலையுச்சி வரை போய்த் திரும்பலாம். அதற்கப்பால் வெறும் காடு, பங்க் கிடையாது. காட்டுக்கு அந்தப் பக்கம்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். "உங்கம்மா ஜீப் ஓட்டுற கதையெல்லாம் எங்கிட்ட விடாதே" என்று மகளின் மாமியார் இன்றும் சிரிக்கிறாளாம்.

மெக்கானிக் வில்சன் தகரம் வெட்டித் தானே செய்த டேங்கை இன்று காலை மாட்டினான். பங்க்கில் பாண்டியம்மா பழக்கத்தில் இருபது லிட்டரில் நிறுத்திவிட்டாள்.

"ஊத்துடீ."

"ஒழுகுமேக்கா!"

"ஊத்துங்கறேன்ல!"

செல்லக்கிளி மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்தாள். பாண்டியம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து. முப்பது. நாற்பது. ஒரு சொட்டு இல்லை.

மலையுச்சியில் அவள் கை தானாக ஸ்டியரிங்கை வளைத்தது.

"அக்கா, நேரா!" என்று பக்கத்திலிருந்த வில்சன் கத்தினான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தபடி வண்டியை நேராக்கி இறக்கத்தில் விட்டாள். மகள் வீட்டுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருந்தது. இப்போதே ஹாரனை அடிக்க ஆரம்பித்தாள்.