அரை டம்ளர் சடாமாஞ்சில்

"தூக்கத்துலயே போயிட்டாருங்க. வலி தெரியலீங்க" என்று கண்ணம்மாள் காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கிட்டுசாமி இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். சோமனூரிலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் துக்கம் கேட்க வந்தவர்கள், அந்த மட்டும் புண்ணியம் என்றார்கள். பிடித்துக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இடுப்பெலும்பில் புற்று. கோயமுத்தூரில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மாத்திரை இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சாயப்பட்டறையில் ஈரத்துணி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிய மனிதன், புரண்டு படுக்க முடியாமல் குழந்தைபோல அழுதான்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். இரண்டையும் பார்த்து ஓய்ந்த பிறகுதான் கண்ணம்மாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சீனிச்சாமி, நார் நாராக முடி முளைத்தாற்போலிருந்த ஒரு வேரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சடாமாஞ்சில். வெந்நீரில் ஊறப்போட்டு வடிகட்டி, படுக்கிற நேரத்தில் அரை டம்ளர் கொடு, வலியும் மட்டுப்படும், தூக்கமும் வரும் என்றார்.

மூன்று நாள் கொடுத்தாள். கேட்கவில்லை.

அவன் தூங்காமல் அவளும் படுக்கமாட்டாள். நீயாவது தூங்கேன் என்று அவன் கெஞ்சியும் பயனில்லை. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் முன்னால் உட்கார வேண்டியவள், விடிய விடிய அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மிஷினிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கியது. கட்டுப் போட்ட விரலோடுதான் அன்றைக்கு வேரை ஊறவைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு மருந்து கேட்டது.

குடித்த கால் மணி நேரத்தில் கிட்டுசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடினான். ஒரு முனகல் இல்லை. உடம்பில் சேர நாலு நாள் ஆகியிருக்கிறது என்று கண்ணம்மாள் நினைத்துக்கொண்டாள். முருகனுக்கும் சீனிச்சாமிக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அப்புறம் தினமும் அதே மாதிரிதான். டம்ளரைக் கையில் கொடுப்பாள். கசக்கிறது, ஒரு துண்டு வெல்லம் கொண்டா என்பான். அடுப்படிக்குப் போய் அவள் எடுத்து வருவதற்குள் டம்ளர் காலியாக இருக்கும். வெல்லத்தைச் சவைத்தபடி, எங்கள் டாக்டரம்மா கெட்டிக்காரி என்று கேலி செய்வான். அவன் கண்ணை மூடியதும் அவளும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிடுவாள்.

வேரின் பெருமையைக் கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். லைன் வீடுகளில் நாலு பேர் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முந்தாநாள் விடியற்காலை எழுப்பினாள். கிட்டுசாமி எழுந்திருக்கவில்லை.

இப்போது அவன் படுத்த பாயையும் தலையணைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். செத்தவர் தலையணையை முழுசாகத் தூக்கிப் போடக் கூடாது; யாராவது அறியாமல் எடுத்துப் போய்த் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். பிரித்து உதறித்தான் போட வேண்டும். இரண்டுமே கம்பெனியில் கழிந்த பனியன் துண்டுகளை அடைத்து அவளே தைத்தவை. அதனால் அவளே பிரிக்க உட்கார்ந்தாள்.

தலைக்கு வைத்தது லேசாக இருந்தது. சுவர்ப் பக்கம் இடுப்புக்கு அணை கொடுத்திருந்தது கனத்தது.

அதன் ஒரு மூலையில் தையல் இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. அவள் போட்ட தையல் தானாகப் பிரியாது.

உள்ளே கையை விட்டாள். வெள்ளைப் பனியன் துண்டுகள் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகக் காய்ந்திருந்தன. பிரிந்த தையலுக்குக் கிட்டே இருந்தவை மட்டும் இன்னும் காயவில்லை. ஒன்றை எடுத்துப் பிழிந்தாள். விரலில் வடிந்ததை முகர்ந்து பார்த்தாள். வீடு முழுக்க அந்த வேர் வாசமே அடித்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

தொண்டை ஏற்கவில்லையோ, குடித்துப் பலனில்லை என்று கண்டுகொண்டானோ, இனி கேட்க ஆளில்லை. அத்தனை இரவும் அவன் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறான். ஒரு முழம் தள்ளி அவள் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தன் தூக்கத்தின்மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது.

பக்கத்து வீட்டு மருதாள் வாசலில் வந்து நின்றாள். நேற்றுத்தான் கல்யாணமானதுபோல இருக்கும் சின்னப் பெண். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், வலியில் பொட்டுத் தூக்கமில்லை. இந்த நேரத்தில் கேட்பது தப்புத்தான், அந்த வேர் மிச்சமிருந்தால் கொஞ்சம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கண்ணம்மாள் எழுந்து போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள்.

"டம்ளரைக் குடுத்துட்டு அந்தப்பக்கம் போயிராத கண்ணு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்க."