தொரை வாளி

சண்முகையா அழுதுகொண்டே வெள்ளி வாளியைத் துடைத்தார். திருநீற்றைத் தொட்டுத் தொட்டு, பழைய பட்டுத் துணியால், குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற மாதிரி துடைத்தார்.

கதவோரம் நின்று பார்த்தாள் தங்கத்தாய். வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்து நாலு வருஷத்தில் புருஷன் கண்ணில் தண்ணீரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அது வெள்ளைக்காரர்கள் ஒயின் பாட்டிலை ஐஸ்கட்டிக்குள் அமுக்கி வைக்கிற வாளி. ஐஸ்கட்டியைப் பார்க்கவே மதுரைக்கு ரயிலேற வேண்டிய சங்கரன்கோவிலில், அதுவும் கள்ளுக்கடையெல்லாம் மூடி இரண்டு வருஷம் ஆன பிறகு, அதற்கு என்ன வேலை என்று அவரிடம் யாரும் கேட்டுவிட முடியாது. துரைமார் மூட்டை கட்டிய வருஷம் குற்றாலத்து பங்களா ஏலத்தில் எடுத்தது. வீட்டில் அதற்குப் பெயர் தொரை வாளி.

அதிலிருந்து பிடித்த பைத்தியம். சூப்புக் கிண்ணம், மூடி போட்ட கறித்தட்டு, மீனுக்கென்று தனிக் கத்தி என்று தேடித் தேடி வாங்கி ஒரு சாப்பாட்டு மேசையையே நிரப்பிவிட்டார். வீட்டு மனுஷர்கள் சாப்பிடுவது என்னவோ அடுப்படித் தரையில்தான்.

வாளியின் அடியில் இங்கிலீஷில் 2 என்று வெட்டியிருக்கும். "இதுக்குச் சோடி ஒண்ணு இருக்குட்டி" என்று ஆரம்பத்தில் தினமும் சொல்லுவார். தங்கத்தாய் காதில் வாங்கினதில்லை.

இன்றைக்கு மகள் பூமாரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சிவகிரி வீரபாண்டி. எலுமிச்சைத் தோப்பும் வில்வண்டியும் உண்டு, வயசும் நாற்பத்தாறு உண்டு. இரண்டு சம்சாரத்தை வழியனுப்பியவர்.

தை மாசம் மேலநீலிதநல்லூர் வாத்தியார் ஒருவர் வந்து பெண் கேட்டார். சீர் எதுவும் வேண்டாம் என்றார். பூமாரிக்கும் அவரைப் பிடித்திருந்தது. "அவங்கிட்ட என்னட்டி இருக்கு?" என்று சொல்லி சண்முகையா அவரை அனுப்பிவிட்டார். பத்து நாள் பட்டினி கிடந்தும் தங்கத்தாயால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இதுக்கு மனசு வந்துச்சா ஒங்களுக்கு?"

சண்முகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசப்பட்டா சும்மா வருமாட்டி? ஒண்ணைக் குடுத்தாத்தான் ஒண்ணு வரும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக உள்அறைக்குப் போனாள். பூமாரி காலையிலிருந்து தலைகூடச் சீவாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"எந்திரி மக்கா. ஒங்கப்பா ஒனக்குச் சீரா அந்த வாளியவே குடுக்காவ. அங்கன ஒக்காந்து அழுதுக்கிட்டே தொடைக்காவ."

"அப்பாவா? எனக்காகவா அழுதாவ?"

"என் கண்ணால பாத்தேன்."

பூமாரி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து சேலையை எடுத்தாள். அந்த இரண்டு சொட்டுக் கண்ணீருக்காக வாத்தியாரை மறப்பது என்று முடிவு செய்துவிட்டாள், பாவம்.

கூடத்தில் சண்முகையா வாளியை மேசையின் இடது ஓரத்தில் வைத்து எட்ட நின்று பார்த்தார். தங்கத்தாய் வெற்றிலைத் தட்டை வலது ஓரத்தில் வைக்கப் போனாள்.

"அங்கன வைக்காத. அந்த இடம் சும்மா கெடக்கட்டும்."

நாலு மணிக்கு வில்வண்டி வந்து நின்றது. வாழைத்தார், தேங்காய், பழக்கூடை, பூ என்று வரிசையாக இறங்கின. கடைசியாக வண்டிக்காரர் ஒரு சாக்குப் பொதியைத் தூக்க, சண்முகையா மாப்பிள்ளையைக்கூட வாங்க என்று சொல்லாமல் ஓடிப்போய்க் கை கொடுத்தார். "பைய, பைய. தட்டிராம வாரும்."

சிவகிரியிலிருந்து வந்த பதார்த்தம் நசுங்கிவிடக் கூடாது என்று பார்க்கிறார் போல என நினைத்துக்கொண்டாள் தங்கத்தாய்.

"நல்லா இருக்கியளா, அத்தை?" என்றார் வீரபாண்டி. அத்தைக்கு வயது நாற்பது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பூமாரி வந்து எல்லோரையும் கும்பிட்டாள். நிமிர்ந்தபோது மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் சாக்குப் பொதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாம்பூலம் மாற்றினார்கள். பூமாரி சிவகிரிக்காரி ஆகிவிட்டாள்.

இனிமேல் சீர் கொடுக்க வேண்டியதுதான். ஆசை ஆசையாக வைத்திருந்ததை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்வது பாவம் என்று தங்கத்தாய்க்குத் தோன்றியது. தானே மேசைக்குப் போய் வாளியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்து மாப்பிள்ளை முன்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"பூமாரிக்கு அவ அப்பா குடுக்கது. உசிரா வச்சிருந்தாவ. வாங்கிக்கிடுங்க."

"ஏட்டி, அத எதுக்கு எடுத்த?" சண்முகையா பதறி எழுந்து தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

பூமாரி அப்பாவின் கையையே பார்த்தாள்.

வீரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத உள்ள வைங்க, அத்தை. பொண்ணத் தாரதுக்கு மாத்தா மாமா கேட்ட சோடி வாளிதான் அந்தச் சாக்குல இருக்கு."