கிளைக்குப் பின்னால் வானம்

"அது பாயின்ட் ஒன் செவன்தானே? வாசல்லயே வச்சுட்டு உள்ள வா."

மேவிஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். சமையலறை மேசையில் ஒரு கூடை பீன்ஸ் இருந்தது. ஒவ்வொன்றாக நாரை உரித்து, ஒடித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிராய் தன் புது பாயின்ட் ஒன் செவன் ரைஃபிளைக் கதவோரம் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். மறுநாள் அணில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை. கெண்டக்கி மலைப்பக்கத்தில் அடுத்தவர் காட்டில் கால் வைக்கும் முன் அவர் வீட்டுக்கே வந்து நேரில் கேட்டாக வேண்டும். கேட்காமல் போனவனுக்கு அப்புறம் ஊரில் ஒருவரும் காபிகூடக் கொடுக்க மாட்டார்கள்.

அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது மேவிஸுக்குத் தெரியும். சர்ச்சில் ஏற்கெனவே பேசிக்கொண்டார்கள். அவன் அப்பா வர்ஜிலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வர்ஜில் எதற்கும் ஆசைப்படவில்லை. சூப்பைக்கூடக் கையால் தள்ளிவிட்டார். அணில் குழம்பும் சூடான ரொட்டியும் செய்து தரட்டுமா என்று டிராய் கேட்டபோது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பிறகு, மேவிஸின் காட்டில் சுட்ட அணில் என்றால் சாப்பிடுகிறேன், அதுவும் அவள் வாயால் சரி என்று சொன்னால் மட்டும் போ என்றாராம்.

"ஒரு வாய் உள்ள போனாப் போதும், அத்தை," என்றான் டிராய். ஊரில் அவன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அத்தைதான்.

மேவிஸ் கதவோரம் இருந்த துப்பாக்கியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். பொடிக் குண்டு, பயங்கர வேகம், உச்சிக் கிளையில் இருந்தாலும் தப்பாது என்று டிராய் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். தலையில் படாமல் உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். குழம்புக்கு வால்தான் மிஞ்சும் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

சரி, மச்சானின் பாயின்ட் டூ டூ மேக்னம் துப்பாக்கியை வாங்கி வருகிறேன் என்றான். அதுவும் கூடாது என்றாள். அப்படியானால் சாதாரணப் பாயின்ட் டூ டூ, ஆனால் வேகமான தோட்டா என்றான். அதற்கும் தலையாட்டி மறுத்தாள். பெண் கேட்டுப் போன அன்று மாமனார்கூட இவ்வளவு குடையவில்லை. டிராய்க்கு எரிச்சலாக வந்தது.

"யாரு உனக்குச் சுடச் சொல்லிக் குடுத்தது?"

"அம்மாவோட தம்பிதான், அத்தை. அப்பா துப்பாக்கியைத் தொட்டு நான் பார்த்ததே இல்ல."

மேவிஸ் ஒரு பீன்ஸை ஒடித்தாள்.

"கேட்டுக்கோ. சாதா டூ டூ. மெதுவாப் போற தோட்டா, முனை குழிஞ்சது. சத்தமும் கம்மி, ஒண்ணு விழுந்தாலும் மத்ததுங்க ஓடாது. கிட்டப் போய் உக்காந்து, அது அசையாம இருக்கறப்ப தலையில சுடு. பின்னால அடிமரம் இருக்கணும், இல்ல மலைச்சரிவு இருக்கணும். கிளைக்குப் பின்னால வானம் தெரிஞ்சா விட்டுடு. எவ்வளவு கொழுத்ததா இருந்தாலும் விட்டுடு."

"மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் யாருமே இல்லையே, அத்தை."

"அன்னைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சுட்டவனும் இப்படித்தான் நினைச்சிருப்பான்."

டிராய் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தொட்டிலில் கிடந்த காலத்தில் நடந்தது அது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றும் வேட்டை தொடங்கும் நாள். மேவிஸின் கணவன் ஆமோஸ் மாட்டுக் கொட்டகைக் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். மேட்டைத் தாண்டி எங்கிருந்தோ வந்த குண்டு ஒன்று அவன் மேல் பாய்ந்து அங்கேயே உயிர் போய்விட்டது. அணிலுக்கு வைத்த குறி தப்பிப் போயிருக்கிறது. அன்று காலை எல்லா மலையிலும் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஷெரிஃப் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாது என்று விட்டுவிட்டார்.

இந்த வீட்டு வாசலில் போய்த் துப்பாக்கியோடு நின்றேனே என்று டிராய்க்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்கு விருப்பமில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுந்தான்.

"உக்காரு," என்றாள் மேவிஸ்.

அவள் உள்ளறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டூ டூவும் சின்னத் தோட்டாப் பெட்டியும் இருந்தன. ஆமோஸ் போனபின் யாரும் கையில் எடுக்காத துப்பாக்கி. எண்ணெய் மட்டும் வருஷம் தவறாமல் போட்டிருந்தாள்.

"அத்தை, இது ஆமோஸ் மாமாவோடது. இதை எப்படி நான்..."

"உன் அப்பா சாப்பிடணுமா, வேண்டாமா?"

அவன் வாங்கிக்கொண்டான். முதல் இரண்டு அணில் அவளுக்குத்தான், உரித்துச் சுத்தம் செய்தே கொண்டுவந்து தருகிறேன் என்று, காட்டுக்காரருக்குப் பங்கு தரும் வழக்கப்படி சொன்னான். தனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் அவன் அப்பாவுக்கே போகட்டும் என்றாள். வாசல்வரை கூடவே வந்தாள்.

"இப்ப வீட்டுக்குப் போனதும் நான் சரின்னு சொன்னேன்னு சொல்லு. துப்பாக்கி யாரோடதுன்னும் சொல்லு. அழுதாருன்னா அழட்டும், தடுக்காத. நாளைக்குச் சாப்பிடுவாரு."

"அப்பா எதுக்கு அழணும், அத்தை?"

மேவிஸ் மேட்டைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சுட்டது அவருதான்னு எனக்குத் தெரியாதுன்னே இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்காரு, பாவம்."